முழங்கியது போதும், மனு எங்கே?



கோவளத்தை அடுத்த ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்துவிட்டு இறங்கினேன். வேலைவாய்ப்பில் நம் சமுதாயம் ஒதுக்கப்படுவதைப் பற்றித்தான் அன்றைய பயான். சச்சார் குழு, புள்ளிவிவரம், நீதி, அநீதி என்று நாற்பது நிமிடம் முழங்கியாயிற்று. வெளிப்பள்ளியில் ஓர் இளைஞர் காத்து நின்றார். இருபத்து மூன்று வயதிருக்கும். கேட்டரிங் டிப்ளமோ படித்தவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ரிசார்ட்டுக்கு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். சான்றிதழைப் புரட்டிய மேற்பார்வையாளர் பெயரைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். "எங்க கெஸ்ட்டுக்கு இது சரிப்படாது தம்பி" என்று காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே வகுப்பில் படித்து இவரைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய நண்பருக்கு அன்று மாலையே வேலை கிடைத்துவிட்டது.

"எந்தத் தேதி தம்பி?"

"ரமளானுக்கு முன்னாடி ஹஜ்ரத்."

"சொன்னவர் பெயர்?"

"கேக்கலை ஹஜ்ரத்."

"விளம்பரம் இருக்கா?"

"நண்பன் வாட்ஸ்அப்ல அனுப்பினான். போன் மாத்தும்போது போயிடுச்சு."

"எழுதிக் கொடுத்தியா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு ஹஜ்ரத்?"

நாற்பது நிமிடம் பேசிய என்னிடம் அந்த ஒரு சொல்லுக்குப் பதில் இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அநீதி என்று ஆயிரம் மேடையில் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த அநீதியை எந்த மேசையில், எந்தப் பிரிவின் கீழ், எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. எனக்கு மட்டுமா தெரியவில்லை? மாநாட்டுக்கு வேன் பிடிக்கவும் சுவரொட்டி அடிக்கவும் கூட்டத்தைச் சேர்க்கவும் தெரிந்த நம் அமைப்புகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு ஒரு வழக்கறிஞர் சகோதரரையும் தொழிற்சங்கத் தோழர் ஒருவரையும் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாகுபாடு நம் கற்பனையா?

"எல்லாவற்றுக்கும் மதத்தை இழுக்கிறீர்கள், தகுதி இருந்தால் வேலை கிடைக்காதா?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். நம்மவர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதி கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மாற்றியது பெயரை மட்டும். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு! ஆளை யாரும் பார்க்கவில்லை, தாடியைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. காகிதத்தில் இருந்த பெயர் மட்டுமே அந்த வேலையைச் செய்தது.

2022இல் 'லெட்பை' என்ற அமைப்பு பெண்களை வைத்து இதே சோதனையைச் செய்தது. ஒரே தகுதி கொண்ட இரண்டு சுயவிவரங்கள், ஒன்றில் இந்துப் பெயர், மற்றதில் முஸ்லிம் பெயர். ஆயிரம் வேலைகளுக்கு இரண்டும் போயின. இந்துப் பெயருக்கு 208 நிறுவனங்கள் சாதகமாகப் பதில் எழுதின. முஸ்லிம் பெயருக்கு 103. நம் வீட்டுப் பெண் பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருடம் வீட்டில் இருந்தால், "உனக்கு இங்கிலீஷ் வரலை" என்று அவளையே குறை சொல்கிறோமே, இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டாமா?

இன்னொரு பக்கத்தையும் நீதியோடு சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்காத ஒவ்வொரு முறையும் அது பாகுபாடு அல்ல. தகுதி குறைவால் திரும்பியவர் மதத்தின் மீது பழி போட்டால், உண்மையாகப் பாதிக்கப்பட்ட அடுத்த சகோதரனின் மனுவை அவரே குப்பையில் போடுகிறார். பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று மக்தபிலேயே படித்தவர்கள் நாம்.

சட்டத்தில் எங்கே ஓட்டை?

நம் அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவு, அரசு வேலையில் மதத்தின் அடிப்படையில் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்தும் பிரிவு. பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடத்தையும் மறைமலை நகர்த் தொழிற்சாலையையும் கடற்கரை ரிசார்ட்டையும் அது நேரடியாகத் தொடுவதில்லை. தனியார் நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மதத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் தனிச்சட்டம் இந்த நாட்டில் இன்றுவரை இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டங்களை எல்லாம் சுருட்டிப் புதிதாக எழுதியவர்கள், வேலைக்கு எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று எழுதினார்கள். மதம் என்ற சொல்லை அதன் பக்கத்தில் சேர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

மறதியால் விட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, சம வாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்கச் சொன்னது. அதற்குச் சட்ட வரைவு தயாரிக்கப் பேராசிரியர் மாதவ மேனன் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. 2008இல் அந்தக் குழுவும் அறிக்கை கொடுத்தது. ஆறு வருடம் தூங்கிவிட்டு, தேர்தல் வாசலில் நின்றபடி 2014 பிப்ரவரியில் மன்மோகன் சிங் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதோடு சரி. நம் வாக்குகளைக் கேட்டு வாங்கியவர்கள் அதைச் சட்டமாக்கவில்லை. நம் வாக்கே வேண்டாம் என்றவர்கள் அடுத்து வந்தார்கள். அவர்களிடம் என்ன எதிர்பார்ப்பது? முதலாமவர்களை விட்டுவிட்டு இரண்டாமவர்களை மட்டும் மேடையில் திட்டும் நம் தலைவர்களைத்தான் நான் கேட்கிறேன்: அந்த ஆறு வருடத்தில் எத்தனை மனு கொடுத்தீர்கள்?

ஆணையம் என்று ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கையை நாம் ஆயிரம் முறை கண்டித்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஆனால் 1964இல் அவர்கள் இயற்றிய சிவில் உரிமைச் சட்டம், தனியார் வேலையிலும் மதப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. அதற்கென்று ஓர் ஆணையமும் இருக்கிறது. 2008இல் ஓக்லஹோமா மாநிலத்தில் தலைத்துணி அணிந்த ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு அபர்க்ரோம்பி என்ற பெரிய துணிக்கடை வேலை மறுத்தது. அந்தப் பெண் வக்கீலுக்குப் பணம் தேடி அலையவில்லை. ஆணையமே வழக்குப் போட்டது. 2015 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் வணிகச் சகோதரர்களின் உறவினர்கள் நிறைந்த சிங்கப்பூரும் 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதில் மதமும் இடம்பெற்றிருக்கிறது. இங்கே ஏன் முடியாது?

எழுத்தில் இருந்தால் அசைகிறது

சட்டம் இல்லை என்பதால் சும்மா இருந்துவிடலாமா? கூடாது என்று சொல்ல எனக்கு மூன்று சம்பவங்கள் கிடைத்தன.

முதலாவது மும்பையில், 2015 மே மாதம். எம்.பி.ஏ. முடித்த ஒரு முஸ்லிம் இளைஞர் ஹரி கிருஷ்ணா எக்ஸ்போர்ட்ஸ் என்ற வைர ஏற்றுமதி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். முஸ்லிம் அல்லாதவர்களை மட்டுமே எடுக்கிறோம் என்று சில நிமிடங்களில் மின்னஞ்சலில் பதில் வந்தது. அந்த இளைஞர் அழுதுகொண்டு வீட்டுக்குள் உட்காரவில்லை. மின்னஞ்சலை உலகத்துக்குக் காட்டினார். காவல் நிலையத்துக்குப் போனார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153பி பிரிவில் வழக்குப் பதிவானது. தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் புகார் போனது. பயிற்சியில் இருந்த ஊழியர் செய்த தவறு என்று நிறுவனம் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாவது நம் சென்னையில், தியாகராய நகரில், 2020 மே மாதம். கொரோனாவை வைத்து தப்லீக் ஜமாஅத்தினர் மீதும் நம் அனைவர் மீதும் விஷம் கக்கப்பட்ட நாட்கள் அவை. ஒரு பேக்கரி, தங்கள் பலகாரங்களை ஜைனர்களே செய்கிறார்கள், முஸ்லிம் வேலையாட்கள் இல்லை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பியது. புகார் போனது, போலீசார் உரிமையாளரைக் கைது செய்தார்கள். அன்றைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கடைகளில் இதை வாயால் சொல்லியிருப்பார்கள். மாட்டியவர் எழுதியவர் மட்டுமே.

மூன்றாவது சம்பவம் தாடி பற்றியது. மதுரையில் ஒரு முஸ்லிம் காவலர் மக்காவுக்குப் போய்த் திரும்பியவர். தாடி வைத்ததையும் விடுப்பு முடிந்து உடனே பணிக்கு வராததையும் காரணம் காட்டி அவருடைய ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அவர் தாடியை மழிக்கவும் இல்லை, வேலையை விட்டு ஓடவும் இல்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். முஸ்லிம் காவலர்கள் பணியிலும் தாடி வைத்துக்கொள்ளலாம் என்று 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெஜட்டிலேயே இருப்பதை எடுத்துக் காட்டி, நீதிபதி எல். விக்டோரியா கௌரி 2024 ஜூலையில் அந்தத் தண்டனை உத்தரவை ரத்து செய்தார். 1957இலிருந்து இருந்த உரிமை! அதைத் தூசி தட்டி எடுக்க ஒருவர் மனு எழுத வேண்டியிருந்தது.

இப்போது நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பூமிதானே. அங்கே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. இது மதப் பாகுபாடு அல்ல. ஆனால் நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. கை வைக்க ஒரு சட்டப்பிரிவு இருந்ததால் டில்லி அசைந்தது. பிறகு என்ன நடந்தது தெரியுமா? அதிகாரிகள் போய் விசாரித்தார்கள். யாரை? உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களை! ஆளெடுப்பு ஆவணங்களைச் சரியாகப் பார்க்காமல், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கேட்காமல், பாகுபாடு இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். மனித உரிமை ஆணையம் அதை ஏற்காமல் 2024 நவம்பரில் மீண்டும் விசாரிக்கச் சொன்னது. ஆளெடுப்பு விளம்பரங்களில் திருமணத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று முகவர்களுக்கு நிறுவனமே சொல்லிவிட்டது என்ற செய்தியும் வந்தது.

கவனியுங்கள் சகோதரர்களே! விசாரணை என்று வந்தால் அதிகாரி உள்ளே இருப்பவனைத்தான் கேட்பார். வெளியே நிறுத்தப்பட்டவன் தானே போய் எழுதிக் கொடுக்காவிட்டால், அவன் அந்த வாசலுக்கு வந்ததற்கே சாட்சி இல்லை.

யாருக்கு எழுதுவது?

அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

முஸ்லிம் என்பதால் வேலை இல்லை என்று எழுத்திலோ விளம்பரத்திலோ குறுஞ்செய்தியிலோ சொல்லியிருந்தால், அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம். பழைய 153பி பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 197ஆவது பிரிவாக இருக்கிறது. ஒரு மதத்தவர் என்ற காரணத்தால் குடிமக்களுக்குள்ள உரிமை மறுக்கப்பட வேண்டும் என்று சொல்வதும் பரப்புவதும் அதன்படி குற்றம். புகாரை நேரில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாம்பரத்தையும் கேளம்பாக்கத்தையும் ஒட்டிய பகுதிகள் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தில் வருவதால், எந்த எல்லை என்று பார்த்து அனுப்புங்கள்.

வேலையில் இருந்தவரை நீக்கினால் கதை வேறு. இங்கேதான் நம் இளைஞர்களுக்கு அதிகமான வழி இருக்கிறது, இங்கேதான் அதிகமாகக் கோட்டை விடுகிறோம். தொழிலாளர் அலுவலரிடம் சமரசத்துக்கு மனுப் போடலாம். அது முடியாவிட்டால் தொழில் தீர்ப்பாயம். தகுதியைப் பாராமல் ஒரு சாராருக்கு மட்டும் சலுகை காட்டுவது முறையற்ற தொழில் நடைமுறை என்று பழைய 1947 சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது, புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. மதம் என்ற சொல் இல்லாத சட்டத்தில் இந்த வரிதான் நமக்குக் கைப்பிடி. கெடு பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு, இப்போது இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். கடைகளில் இருப்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் உண்டு. அதன் 41ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்க முடியாது. மேல்முறையீடு உண்டு. ஆனால் அதற்கான கெடு மிகக் குறுகியது. இத்தா முடியட்டும், கந்தூரி முடியட்டும் என்று இருந்தால் வண்டி போய்விடும்.

அரசு வேலை என்றால் ஆயுதம் வேறு. 2007இல் கலைஞர் ஆட்சியில் வந்த சட்டப்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இருநூறு இடச் சுழற்சியில் ஏழு இடம் நமக்கு. அந்த ஏழும் நிரம்பியதா? செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்த அலுவலகத்தில், எந்த ஆண்டில், எத்தனை? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம். இந்த ஒதுக்கீட்டை வாங்கித் தந்தது நாங்கள்தான் என்று உரிமை கொண்டாடும் அமைப்புகள் நம்மிடம் பல. (சுவரொட்டிகளைக் கணக்கெடுத்தால் குறைந்தது ஐந்து அமைப்புகள் தனித்தனியாக வாங்கித் தந்திருக்கின்றன!) கிடைத்ததா என்று கணக்குக் கேட்ட அமைப்பு எது? நம் பிள்ளைகளில் பலர் சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்னி என்று பட்டியலில் உள்ளபடி பதியாமல், வெறும் முஸ்லிம் என்று வைத்துக்கொண்டு கடைசி நாளில் தாலுகா அலுவலகத்தில் தவிப்பதையும் பார்க்கிறேன். அதற்கு அரசைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாநில சிறுபான்மையினர் ஆணையமும் தேசிய ஆணையமும் புகார் வாங்கும் இடங்கள்தாம். தேசிய ஆணையத்துக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் அதிகாரம் உண்டு. தண்டிக்க அதிகாரம் இல்லை, பரிந்துரைக்கலாம், அவ்வளவே. 2025 ஏப்ரலில் தலைவரின் பதவிக்காலம் முடிந்த பிறகு மாதக்கணக்கில் அந்த ஆணையத்தின் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததையும் நாடு பார்த்தது. பல் இல்லாத ஆணையம் என்று கேலி செய்வது எளிது. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அங்கே போகும் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் விழுகிறது. சம வாய்ப்புச் சட்டம் வேண்டும் என்று நாளை நாம் கேட்கும்போது, "உங்களிடமிருந்து எத்தனை புகார் வந்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பூஜ்யம் என்று சொல்லப் போகிறோமா? மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால், அரசு ஊழியர் செய்த தவறோ, தடுக்கத் தவறிய அலட்சியமோ இருக்க வேண்டும். ஓராண்டுக்குள் போக வேண்டும்.

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு, காஞ்சிபுரம் பஸ் ஏறும் வேலையும் இல்லை. திங்கள்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. வாசலில் மனு எழுதித் தரும் பெரியவர்களிடம் ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவர்கள் பழக்கத்தில் "ஏழையேன், தாங்கள் சமூகம் தயவு கூர்ந்து" என்று தொடங்கி உங்கள் வறுமையை இரண்டு பக்கம் எழுதுவார்கள். நாம் தர்மம் கேட்கப் போகவில்லை. இந்தத் தேதியில், இந்த இடத்தில், இன்ன பெயர் கொண்டவர், இன்ன வார்த்தையைச் சொன்னார், என் தகுதி இது, அன்று எடுக்கப்பட்டவரின் தகுதி இது. இவ்வளவு போதும். கோபமும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.

அதற்குத்தான் முதல் நாளிலேயே கவனம் தேவை. விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் முடிந்த அன்றே நடந்ததை நடந்தபடி ஒரு நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். நிராகரித்ததற்குக் காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் மரியாதையாக அனுப்புங்கள். பதில் வந்தாலும் சாட்சி, வராவிட்டாலும் சாட்சி.

புகார் சொன்னவனைக் கூடி நின்று காத்தவர்கள்

"அல்லாஹ்விடம் விட்டுவிட்டோம்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். நபித்துவத்துக்கு முந்தைய மக்கா. யமன் நாட்டு ஜுபைத் குலத்து வணிகர் ஒருவர் சரக்கு கொண்டுவந்தார். குறைஷிகளில் செல்வாக்குள்ள ஆஸ் இப்னு வாயில் அதை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்கவில்லை. அந்நியர், ஆள்பலம் இல்லாதவர். அவர் என்ன செய்தார்? ஊர் முழுவதும் கேட்க அபூ குபைஸ் குன்றின் மேல் ஏறி நின்று தன் முறையீட்டைச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று நாம் படிப்பது அதைத்தான். இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். பிற்காலத்திலும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள். வணிகருக்குப் பணம் கிடைத்தது. குன்றின் மேல் ஏறாமல் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்குமா?

அந்த உடன்படிக்கை செய்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெயரைக் கேட்டு ஒதுக்கப்படும் நாமும் தெருவைக் கேட்டு ஒதுக்கப்படும் தலித் சகோதரனும் தாலியைப் பார்த்து ஒதுக்கப்படும் பெண்ணும் ஒரே வாசலில்தான் நிற்கிறோம். தோரட் ஆய்வின் கணக்கு அதைத்தான் சொல்கிறது. தனி மேடை போட்டுக் கத்துவதைவிட, அவர்களோடு ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவது கனமாக இருக்கும்.

வணிகப் பெருமக்களுக்குக் கொஞ்சம் கசப்பு

இதுவரை படித்துத் தலையாட்டிய முதலாளி பாய்களே, இனி உங்களிடம் வருகிறேன். கோபிக்காதீர்கள்.

நம் கடை வாசலில் "முஸ்லிம் பையன் தேவை" என்று அட்டை தொங்குகிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் செங்கல்பட்டு பஜாரில் பார்த்திருக்கிறேன், தாம்பரத்தில் பார்த்திருக்கிறேன். தொழுகைக்கு வசதி, சாப்பாட்டுக்கு வசதி என்று நூறு காரணம் சொல்வீர்கள். தியாகராய நகர் பேக்கரிக்காரரும் ஒரு காரணம் சொன்னார். அவருடைய காரணம் குற்றம், நம்முடைய காரணம் வசதியா? அந்த அட்டையை இன்றே எடுங்கள். வேலைக்கு என்ன தகுதி வேண்டுமோ அதை எழுதுங்கள். நாளை நம் பையன் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் நம் கடை அட்டையைப் படமெடுத்துக் காட்டினால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

அடுத்தது, உங்கள் கடையில் ஏழு வருடமாக நிற்கும் பையனுக்கு நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களா? வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் நியமனக் கடிதம் கட்டாயம் என்று புதிய தொகுப்புச் சட்டமும் சொல்லிவிட்டது. லாபம் குறையும் என்று ஏட்டில் நான்கு பேரும் கடையில் பதினான்கு பேரும் வைத்திருக்கும் சகோதரர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கும் என்னைத் தெரியும். அந்தப் பையன் நாளை வேறு இடத்தில் வேலை கேட்கும்போது அனுபவச் சான்று கேட்பார்கள். ஏழு வருடம் வேலை பார்த்தவன் காகிதத்தில் ஒரு நாளும் வேலை பார்க்காதவனாக நிற்கிறான்.

புர்கா அணிந்த பட்டதாரிப் பெண்ணைக் கணக்கு எழுத வைத்துக்கொள்கிறீர்கள், கல்லாவுக்கு முன்னால் உட்காரவைக்கத் தயங்குகிறீர்கள், "கஸ்டமர் ஒரு மாதிரி பார்ப்பாங்க ஹஜ்ரத்" என்று. ரிசார்ட் மேற்பார்வையாளர் சொன்னதும் இதே வார்த்தைதானே?

அந்தக் கோவளத்துத் தம்பியின் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். தேதி இல்லாததால் முதலில் தடுமாறினோம். நண்பரின் போனில் அந்த விளம்பரம் இன்னும் இருந்தது, நாளும் அதில் தெரிந்தது. வேலை கிடைத்த நண்பர், முஸ்லிம் அல்லாதவர், "நான் அங்கே வேலை பார்க்கிறேன், ஆனாலும் நடந்ததை எழுதித் தருகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் கேட்டு ரிசார்ட்டுக்கு ஒரு கடிதமும் மாநில சிறுபான்மையினர் ஆணையத்துக்கு ஒரு மனுவும் போயிருக்கின்றன. ரிசார்ட்டிலிருந்து பதில் இல்லை. ஆணையத்துக்கு அனுப்பிய தபால் ரசீது பள்ளிவாசல் அலுவலகக் கோப்பில் இருக்கிறது.

ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த அலுவலகத்தில் வழக்கறிஞர் சகோதரரோடு நானும் உட்காருகிறேன். வருபவர்கள் விளம்பரம், மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் தேதியையாவது நினைவில் வைத்து வாருங்கள்.